நடை சாத்திய நாலு மணி நேரம்

ஸ்ரீமுஷ்ணத்துக்கு மதியம் பன்னிரண்டரை மணிக்கு வந்து இறங்குகிறவர்கள் பாவம். பூவராக சுவாமி கோயில் நடை உச்சிவேளையோடு சாத்திவிடும். மறுபடி திறக்க மாலை நாலு மணி ஆகும். குலதெய்வத்தைக் கும்பிடக் கர்நாடகத்திலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள் கோபுர நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டு டிரைவரிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இந்த ஊரில் வேறு என்ன இருக்கிறது?

டிரைவர் கைப்பேசியைத் தடவிப் பார்ப்பார். பூவராகர் கோயில் என்று வரும். அருகிலேயே நித்தீஸ்வரர் கோயில் என்று வரும். அதுவும் அந்த நேரத்தில் சாத்தியிருக்கும். அதற்கு மேல் சிதம்பரம் போ, பிச்சாவரம் போ, கங்கைகொண்ட சோழபுரம் போ என்று ஊரை விட்டே கிளப்பப் பார்க்கும். எங்கே சாப்பிடலாம், என்ன வாங்கலாம், பிள்ளைகள் எங்கே விளையாடலாம், சாயங்காலம் எதைப் பார்க்கலாம் என்ற நான்கு கேள்விக்கும் சென்னையோ புதுச்சேரியோ பட்டியல் போட்டுப் பதில் சொல்லிவிடும். கடலூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், வெள்ளாற்றுக்குப் பக்கத்தில், சிதம்பரத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு பேரூராட்சியால் அப்படிச் சொல்ல முடிவதில்லை. இத்தனைக்கும் இப்போது இது ஒரு வட்டத்தின் தலைநகர். விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் போகும் நெடுஞ்சாலை சேத்தியாத்தோப்பு வழியாகப் போய்விடுகிறது. பெரிய உணவகங்களும் அந்தச் சாலையோடு போய்விட்டன.

ஆனால் ஊரில் ஒன்றுமில்லை என்று முடிவுகட்டுவது அவசரம். ஸ்ரீமுஷ்ணத்தில் உண்பதும் வாங்குவதும் ஆடுவதும் பார்ப்பதும் பெரும்பாலும் நாள் கிழமையைப் பொறுத்தவை. எங்கே என்று கேட்டால் ஊர் விழிக்கும். எப்போது என்று கேட்டால் பஞ்சாங்கத்தையே ஒப்பிக்கும். மாசி மகம், சித்திரை, ஆடிப்பெருக்கு, காணும் பொங்கல், தை ஐந்தாம் நாள் என்று தேதிகளாகவே அடுக்கும். சுற்றுலாத் துறையும் உள்ளாட்சிகளும் ஊருக்கு வசதி செய்கிறோம் என்று கிளம்பும்போது கட்டடத்தைத்தான் நினைக்கின்றன. வளைவு கட்டுகிறார்கள், பெயர்ப்பலகை வைக்கிறார்கள். அந்தத் தேதிகளுக்கு என்ன தேவை என்று கேட்பவர் இல்லை.

முதலில் கோயிலுக்குள் இருப்பதையே சொல்ல வேண்டும். அதைக்கூட முழுதாகப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் குறைவு. வைணவர்கள் தானாகத் தோன்றிய தலங்கள் என்று எண்ணும் எட்டில் இது ஒன்று. திருவரங்கம், திருப்பதி, வானமாமலை, புஷ்கரம், பத்ரி, நைமிசாரண்யம், சாளக்கிராமம் ஆகியவை மற்ற ஏழு. மூலவர் மேற்கே பார்த்து நின்றுகொண்டு முகத்தைத் தெற்கே திருப்பியிருக்கிறார். இடுப்பில் இரு கைகளையும் ஊன்றி நிற்கும் நிலை. பூமியை மீட்டவர் என்பதால் நிலத்தகராறு, வீட்டுமனை, பத்திரப்பதிவு இழுபறி என்று வருகிறவர்கள் அதிகம். பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும் கூட்டம் வேறு எந்தப் பெருமாளுக்கு வாய்க்கும்?

இவ்வளவு பேரில் புருஷசூக்த மண்டபத்தில் கால்மணி நேரம் நிற்பவர்களை எண்ணிவிடலாம். தஞ்சை நாயக்கர் காலத்து வேலை அது. திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குதிரைகள் உடனே பிடிபடும். முன்னங்கால்களைத் தூக்கி எம்பும் குதிரைகள், அவற்றின் மேல் ஆயுதமேந்திய வீரர்கள், கடிவாள வாரும் சேண முடிச்சும் வரை விடாத உளி. 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆட்சிக்கு வந்த அச்சுதப்ப நாயக்கர் இந்தக் கோயிலுக்குச் செய்தவை கொஞ்சமல்ல. மண்டபத்தின் நடுவே கூப்பிய கையோடு நிற்கும் நாயக்கர் சிலைகளைக் கடந்துதான் பக்தர்கள் உள்ளே போகிறார்கள். யாருடைய சிலைகள் என்று நின்று கேட்பவர்கள் சிலர்தான். அப்படிக் கேட்பவருக்கு எளிய தமிழில் பதில் சொல்லும் ஒரு பலகை, கூடவே கன்னடத்தில் நாலு வரி. இதற்கு ஆகும் செலவு ஒரு நுழைவு வளைவின் பெயிண்டுக்குக்கூடக் காணாது.

இனி சாப்பாடு. ஸ்ரீமுஷ்ணத்தின் பிரசாதம் கோரைக்கிழங்கு. வயல் வரப்பில் களையாக மண்டி, களைவெட்டுகிற பெண்களின் இடுப்பை ஒடிக்கிற அதே கோரைதான். பன்றி மண்ணைக் கிளறித் தின்னும் கிழங்கு என்பதால் வராகருக்கு அது உகந்தது. கிழங்கைக் காயவைத்து இடித்துச் சலித்து, இனிப்புச் சேர்த்துப் படைக்கிறார்கள். வாயில் போட்டதும் முதலில் வருவது மண்வாசம்; இனிப்பு அப்புறம்தான் எட்டிப் பார்க்கும். லட்டுக்குப் பழகிய நாக்குக்குக் கொஞ்சம் திடுக்கென்றுதான் இருக்கும். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கும் புவிசார் குறியீடு வாங்கிய மாநிலத்தில், இந்தக் கிழங்கைப் பற்றிப் பக்கத்து மாவட்டத்துக்காரருக்கே தெரியாது.

இந்த வட்டாரத்தின் கோயில் சமையலில் பேர் பெற்றது சிதம்பரம் கொத்சு. நடராஜருக்குச் சம்பா சாதத்தோடு நிவேதனம் ஆகிற பண்டம். கத்தரிக்காயைச் சுட்டோ வதக்கியோ மசித்துப் புளிவிட்டு, வறுத்துப் பொடித்த மல்லியும் மிளகாயும் சேர்த்துக் கொதிக்கவிடுவது. கோயிலிலிருந்து இறங்கி நாலு வீதி உணவகங்களில் இட்லிக்குத் துணையாகி, மாவட்டம் முழுக்கக் கல்யாண வீட்டுக் காலைப் பந்தியில் இடம் பிடித்துவிட்டது. கோரைக்கிழங்குக்கு அந்த யோகம் இல்லை.

கோயிலை விட்டு வெளியே வந்தால் ஊரின் சாப்பாடு மற்ற சிற்றூர்களின் சாப்பாடுதான். அதைக் குறைவாகச் சொல்வதற்கில்லை. காலையில் டீக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வடையும் போண்டாவும். பதினொரு மணிக்கு அவை காலியாகிப் பெட்டி எண்ணெய்க் கறையோடு நிற்கும். மதியம் அளவுச் சாப்பாடு. விளக்கு வைத்த பிறகு பரோட்டாக் கல் சூடாகும்; கொத்துக் கரண்டியின் தாளம் பேருந்து ஹாரனோடு போட்டிபோடும். முகூர்த்த நாள் என்றால் கதையே வேறு. ஊரின் பெரிய சமையல் கல்யாண மண்டபத்துக்கு மாறிவிடும். அன்றைக்கு ஓட்டல்காரருக்கு வியாபாரம் படுக்கும். ஊரில் பாதிப் பேர் பந்தியில் இருப்பார்கள்.

பந்தி என்றதும் ஒன்றை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். திருவிழாவும் விருந்தும் எல்லாருக்கும் ஒரே மாதிரி திறந்திருந்ததாகப் பழம்பெருமை பேசுவது சுலபம். பக்கத்துக் காட்டுமன்னார்கோவிலில் 1924-இல் பிறந்த எல்.இளையபெருமாளின் வாழ்க்கை அந்தப் பெருமையைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்கும். பள்ளியில் தலித் பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த தனித் தண்ணீர்ப்பானையைச் சிறுவனாக இருந்தபோதே உடைத்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். நாடாளுமன்ற உறுப்பினரான அவருடைய தலைமையில் 1965-இல் தீண்டாமை குறித்து ஆராய மத்திய அரசு அமைத்த குழு 1969-இல் அறிக்கை கொடுத்தது. நாடெங்கும் கிணறு, கோயில், டீக்கடை, உணவு விடுதி என ஒவ்வோர் இடமாக யாருக்குக் கதவு திறக்கிறது, யாருக்குச் சாத்துகிறது என்று அந்தக் குழு பார்த்தது. ஓர் ஊரில் எங்கே சாப்பிடலாம் என்பதற்கு இந்த நாட்டில் எழுதப்பட்ட மிகக் கறாரான பட்டியல் அதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. கூத்து, தேர், மண்டகப்படி என்று நீளும் நாள் கிழமைப் பண்பாட்டுக்கு இப்படி ஒரு மறுபக்கம் உண்டு. பழைய தென்னார்க்காட்டில் பாரதம் படித்து, இரவில் தெருக்கூத்து ஆடி, தீமிதியில் முடியும் திரௌபதி அம்மன் விழாக்கள் பெரும் கலைக்கூடங்கள். அதே மண்ணில், விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் யார் உள்ளே வரலாம் என்ற தகராறில் திரௌபதி அம்மன் கோயிலுக்கே 2023-இல் சீல் வைக்க வேண்டியதாயிற்று.

ஆகவே காசு கொடுத்தால் யாரும் உட்காரலாம் என்ற பரோட்டாக் கடை பெஞ்சையும், டிக்கெட் எடுத்தால் யாருக்கும் அதே தரை என்ற டூரிங் டாக்கீஸ் மணலையும் இளப்பமாகப் பேசக் கூடாது. சிற்றூர்களில் பொது இடம் என்பதைப் பலர் முதன்முதலாகப் பழகியது அங்கேதான்.

இதே மாவட்டத்தில் காசும் கேட்காத, சாதியும் கேட்காத ஒரு சாப்பாட்டுக்கூடம் உண்டு. வடலூரில் வள்ளலார் 1867 மே மாதம் தொடங்கிய சத்திய தருமச்சாலை. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. தைப்பூசத்து ஜோதி தரிசனத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும். ஆனால் அடுப்புக்கு விசேஷ நாள் என்று ஒன்றில்லை. சாதாரணப் புதன்கிழமை மதியம் போனாலும் சோறும் குழம்பும் உண்டு. நாள் கிழமை பார்க்கும் ஒரு வட்டாரத்தில் நாள் கிழமை பார்க்காத ஒரே பந்தி அதுதான். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சேத்தியாத்தோப்பு வழியாக வடலூருக்குப் போய்ச் சேரலாம். வேன்காரர்களிடம் யாரும் சொல்வதில்லை.

கடைகளைப் பொறுத்தவரை ஊர்க்காரர்களிடம் தெளிவான ஒரு கணக்கு இருக்கிறது. அன்றாடத்துக்கு உள்ளூர், பட்டுக்கும் நகைக்கும் சிதம்பரமோ விருத்தாசலமோ. மல்லாட்டையும் உளுந்தும் விற்க விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம். மாநிலத்தின் பெரிய கூடங்களில் அது ஒன்று. ஆடு வாங்க வேண்டுமென்றால் வேப்பூர். வெள்ளிக்கிழமை விடியுமுன்பே அந்தச் சந்தை சூடு பிடித்துவிடும். தீபாவளி, பக்ரீத்துக்கு முந்தைய வாரங்களில் வெளிமாவட்ட லாரிகள் வந்து நிற்கும். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் தரகர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாலே பொழுது போய்விடும். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் உண்டு. பண்ருட்டியில் முந்திரியும் பலாவும் சாலையோரத்திலேயே குவிந்து கிடக்கும். சுற்றிலும் வாங்குவதற்கு எவ்வளவோ இருக்கிறது. ஆனால் ஸ்ரீமுஷ்ணம் வருகிற பயணி துளசி மாலையும் நெய்விளக்கும் மட்டும் வாங்கிவிட்டுத் திரும்புகிறார். மாவட்டத்தின் பண்டங்களை ஓரிடத்தில் வைத்து விற்க, தேர் நிலைக்குப் பக்கத்தில் மகளிர் குழுக்களுக்கு நாலு கடை கொடுத்தால் அந்த நாலு மணி நேரம் வீணாகாது.

வாங்குவதிலும் தேதிக்குத்தான் மவுசு. தை ஐந்தாம் நாள் தென்பெண்ணைக் கரையில் ஆற்றுத் திருவிழா. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் பல ஊர்ச் சாமிகள் அன்று ஆற்றுக்குத் தீர்த்தவாரிக்கு வரும். மணலில் முளைக்கும் கடைகளில் வளையல், பலூன், கரும்பு எல்லாம் இருந்தாலும் வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு பையிலும் சிறுவள்ளிக் கிழங்கு இருந்தாக வேண்டும். வேறு நாளில் தேடினாலும் கண்ணில் படாத கிழங்கு, அன்று மட்டும் குவியல் குவியலாக வந்து இறங்கும். வாங்காமல் திரும்பினால் வீட்டில் கேள்வி வரும். ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கிற ஆள் குறைவு. மணல் போன ஆற்றில் எங்கே கடை போடுவது என்ற கவலை வியாபாரிகளுக்கு வந்து வருடங்கள் ஆகின்றன.

ஆடிப்பெருக்குக்கு வீராணம். கல்கி 1950-இல் எழுதத் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' அந்த ஏரிக்கரையில், அந்த நாளில்தான் ஆரம்பமாகிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்து ஏரி. 2004 முதல் புதிய வீராணம் திட்டத்தில் சென்னைக்குக் குடிநீர் போகிறது. ஆடி பதினெட்டில் சித்ரான்னக் கூடையோடு கரைக்கு வந்த குடும்பங்களைப் பற்றி நாவலில் படித்தவர்கள் இன்றைக்கு ஏரிக்கரைச் சாலையில் போனால், உட்கார்ந்து சாப்பிட ஒரு படித்துறை தேடி அலைய வேண்டும். தலைநகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கிற ஏரியின் கரையில் நிழலுக்கு நாலு மருதமரம் நட்டு ஒரு குடிநீர்க் குழாய் வைத்தால் குறைந்தா போகும்?

வெள்ளாறும் மணிமுத்தாறும் கூடும் கூடலையாத்தூர் ஸ்ரீமுஷ்ணத்துக்கு இன்னும் பக்கம். சுந்தரர் பாடிய தலம். கோயிலைப் பார்த்துவிட்டு ஆற்றங்கரையில் கட்டுச்சோற்றைப் பிரித்தால் அந்த மதியம் அருமையாகக் கழியும். வழி கேட்கிறவருக்கு வழி சொல்லப் பேருந்து நிலையத்தில் ஒரு வரைபடம் வேண்டும்.

விளையாட்டு விஷயத்துக்கு வந்தால் சங்கடம். காணும் பொங்கலையொட்டிச் சுற்றுவட்டாரமே கபடிக் களமாகிறது. அறுவடையான வயலை நிரவி, மண்ணைக் கொத்திப் பதமாக்கி, குழல்விளக்குக் கட்டி, ஒலிபெருக்கியில் விடிய விடிய வர்ணனை. நடுவில் டீ வரும், சண்டை வரும், சமாதானமும் வரும். பொங்கல் முடிந்ததும் அந்த வயல் உளுந்துக்குப் போய்விடும். அதற்கப்புறம் பையன்கள் பள்ளி மைதானம், ஆற்றோரம், ரியல் எஸ்டேட்காரர் கல் ஊன்றிய மனை என்று இடம் தேடுவார்கள். மனை விற்றுவிட்டால் பிட்ச் போயிற்று. பெண் பிள்ளைகளுக்கு இந்தத் தற்காலிக இடமும் கிடையாது. பள்ளி மணி அடித்தால் அவர்கள் விளையாட்டு முடிந்தது. பந்தயம் பார்க்க நிற்பதற்கே வீட்டில் அனுமதி வேண்டும். மாவட்டத்தின் அண்ணா விளையாட்டரங்கம் கடலூரில், ஏறத்தாழ 70 கிலோமீட்டரில் இருக்கிறது. கிராம ஊராட்சிகளுக்கு விளையாட்டுப் பொருள்களை அரசு 2024-இல் பெட்டி பெட்டியாகக் கொடுத்தது; நல்ல காரியம்தான். மட்டை வந்துவிட்டது, ஆட இடம் எங்கே என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது. வட்டத் தலைநகரான ஓர் ஊரில் சுற்றுச்சுவரும் விளக்கும் கழிப்பறையும் உள்ள ஒரு மைதானம், அதில் வாரத்தில் சில மாலைகள் பெண்களுக்கு மட்டும் என்ற ஏற்பாடு: இதைவிடச் சிக்கனமான பண்பாட்டு முதலீடு வேறில்லை.

நூலகத்தைப் பற்றியும் அதையேதான் சொல்ல வேண்டும். புதுமைப்பித்தன் 1906-இல் பிறந்த திருப்பாதிரிப்புலியூரும், ஜெயகாந்தன் 1934-இல் பிறந்த மஞ்சக்குப்பமும் இந்த மாவட்டத்தில்தான். என்.எல்.சி. நடத்தும் நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்குப் போகிற பள்ளிப் பிள்ளைகளின் கூட்டத்தைப் பார்த்தால் வாசிப்பு செத்துவிட்டது என்று யாரும் புலம்ப மாட்டார்கள். அங்கேயும் தேதிதான். பத்து நாள் கூடாரம் பிரித்த பிறகு, ஒரு கிளை நூலகம் மாலை ஏழு மணிவரை திறந்திருக்குமா என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பாட்டும் தாளமும் ஊருக்குப் புதிதல்ல. மிருதங்க வித்வான் ஸ்ரீமுஷ்ணம் ராஜா ராவின் பெயரோடு இந்த ஊரின் பெயரும் சென்னை சபாக்களின் டிசம்பர் நிரலில் அச்சாகி வருகிறது. ஆனால் அந்த மிருதங்கத்தைக் கேட்க ஸ்ரீமுஷ்ணத்துக்காரர் மயிலாப்பூருக்கு ரயிலேற வேண்டும். சிதம்பரம் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. 1981-இல் தொடங்கிய நாட்டியாஞ்சலி, மகாசிவராத்திரியை நாடெங்கிலுமுள்ள பரதக் கலைஞர்கள் நாட்குறிப்பில் வட்டமிடும் தேதியாக்கிவிட்டது. பின்னாளில் கோயிலுக்குள் யார் நடத்துவது என்ற பிணக்கில் அறக்கட்டளை விழா தெற்கு வீதிக்கு வந்தது. கோயிலுக்குள்ளும் ஆட்டம் நடக்கிறது. ரசிகருக்கு இரண்டு மேடை கிடைத்ததுதான் மிச்சம். புருஷசூக்த மண்டபத்தை வைத்துக்கொண்டு ஸ்ரீமுஷ்ணம் இப்படி ஒரு மாலையைக்கூட யோசித்துப் பார்க்காதது ஆச்சரியம்தான்.

யோசிக்காததற்கு ஒரு காரணமும் இருக்கலாம். இந்த ஊரிடம் அதைவிடப் பெரிய நிகழ்ச்சி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. மாசி மகம்.

உற்சவர் யக்ஞ வராகர் கடலில் தீர்த்தமாடக் கிளம்புகிறார். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து கிள்ளை ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். வழியில் ஊர் ஊராக நின்று, மண்டகப்படி வாங்கிக்கொண்டு, தேங்காய் உடைபட்டு, தூங்கும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் தாய்மார்களுக்குத் தரிசனம் கொடுத்துக்கொண்டு போகிறது அந்த ஊர்வலம். கடற்கரைக்கு முன்னால் கிள்ளை தைக்கால். அங்கே சையத்ஷா ரஹ்மத்துல்லா தர்கா. பூவராகர் வருகிறார் என்றதும் தர்காவின் சார்பில் இஸ்லாமியர்கள் எதிர்கொண்டு பட்டும் மாலையும் சாத்தி வரவேற்கிறார்கள். கோயில் தரப்பிலிருந்து பிரசாதம் தர்காவுக்குப் போகிறது. அங்கே பாத்தியா ஓதி அதைப் பகிர்ந்துகொள்கிறார்கள். தீராத நோயில் கிடந்த நவாப் ஒருவர் பூவராகர் கோயில் தீர்த்தமும் பிரசாதமும் உட்கொண்டு குணமானார், நன்றிக்கடனாகக் கோயிலுக்கு நிலம் எழுதி வைத்தார் என்பது ஊர் சொல்லும் கதை. கதை எப்படியோ போகட்டும். வருடா வருடம் அந்தத் தேதியில் இரு தரப்பும் அங்கே வந்து நிற்கிறார்கள் என்பது கண்ணால் பார்க்கிற விஷயம். மத நல்லிணக்கம் என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள் யாரும் அங்கே தேவைப்படுவதில்லை. பூத்தட்டை யார் வாங்குவது, மாலையை எந்தப் பக்கமாக நீட்டுவது, பல்லக்கு எத்தனை நிமிடம் நிற்கும் என்கிற பேச்சுதான் நடக்கும். வழக்கம் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது.

பிறகு முழுக்குத்துறையில் தீர்த்தவாரி. அன்று கிள்ளையில் கூடும் கூட்டத்துக்கு ஸ்ரீமுஷ்ணம், புவனகிரி, சிதம்பரம், பரங்கிப்பேட்டை என்ற எல்லைகள் கிடையாது. சாப்பாடு உண்டு, சந்தை உண்டு, ராட்டினம் உண்டு, நாதஸ்வரம் உண்டு. இன்ன இடத்தில் சாப்பிடு, இன்ன இடத்தில் வாங்கு என்று பிரித்துச் சொல்ல ஆளில்லாமலே நான்கும் ஒரே மணலில் நடந்தேறுகிறது. கூப்பிடு தூரத்தில் பிச்சாவரம் அலையாத்திக் காடு. எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' (1975) படப்பிடிப்பு நடந்த அந்த நீர்வழிகளைத் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். 2022-இல் ராம்சர் தலமாகவும் அறிவிக்கப்பட்டுவிட்டது. 2004 சுனாமியில் எம்.ஜி.ஆர். திட்டு முதலான கடலோரக் குப்பங்கள் கண்ட சேதத்தையும், அலையாத்திகளுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பியதையும் கிள்ளைக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. சுற்றுலாத் துறையின் படகு இல்லத்துக்கு வருகிற சென்னைக் குடும்பங்களில் பலருக்கு, சற்று தூரத்தில் ஒரு பெருமாள் தர்காவின் மாலையை வாங்கிக்கொண்டு கடலுக்குப் போகிற நாள் ஒன்று உண்டு என்பது தெரியாது. படகு இல்லத்தில் அறிவிப்பு இருந்தால்தானே தெரியும்?

தேதிக்குச் செலவழிப்பது என்றால் என்ன என்பதை மாசி மகத்தை வைத்தே சொல்லிவிடலாம். ஊர்வலம் போகும் பாதையில் நிழலில்லாத நீண்ட பகுதிகளில் தண்ணீர்த் தொட்டி. பெண்களுக்கு நடமாடும் கழிப்பறை, அதுவும் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதோடு சரி என்றில்லாமல் இரண்டு நாளும் கழுவ ஆளோடு. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஸ்ரீமுஷ்ணம், காட்டுமன்னார்கோவில், விருத்தாசலம் திசைகளுக்குக் கூடுதல் பேருந்து. தீர்த்தவாரி முடிந்த மறுநாள் முழுக்குத்துறை மணலில் கிடக்கும் பிளாஸ்டிக் அலையாத்திக் காட்டு வாய்க்காலுக்குள் போகாமல் அள்ள ஆள்படை. இந்து சமய அறநிலையத் துறை, சுற்றுலாத் துறை, வனத்துறை, போக்குவரத்துக் கழகம், இரண்டு பேரூராட்சிகள் என்று ஆறு கோப்புகளில் சிதறிக் கிடக்கிற வேலை இது. ஆட்சியர் தை மாதத்திலேயே ஒரு கூட்டம் போட்டு, தர்கா தரப்பையும் மண்டகப்படி ஊர்க்காரர்களையும் மீனவப் பஞ்சாயத்தையும் கூப்பிட்டு உட்காரவைத்தால் ஒரே கோப்பாகிவிடும்.

ஸ்ரீமுஷ்ணத்துக்குள் செய்யவேண்டியது இன்னும் குறைவு. பேருந்து நிலையத்திலும் தேரடியிலும் வருட நாட்காட்டி ஒன்று, வட்டார வரைபடத்தோடு. தமிழிலும் கன்னடத்திலும். நடை சாத்தும் நேரம் பெரிய எழுத்தில். மதியம் வந்தவர்கள் உட்கார ஒரு நிழற்கூடம், சுத்தமான கழிப்பறை, கோரைக்கிழங்கு வாங்க ஒரு கடை, கூடலையாத்தூருக்கும் வடலூருக்கும் வழி. மகளிர் குழுவிடமே இந்தப் பொறுப்பைக் கொடுக்கலாம். வண்டி நிறுத்தக் கட்டணத்தில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்கினால் பராமரிப்புக்கு யாரிடமும் கையேந்த வேண்டாம். அடுத்த மாசி மகத்துக்கு முன்னால் முடிக்கக் கூடிய வேலை. டெண்டர் மட்டும் தை மாதத்துக்குள் வந்தாக வேண்டும்.